பட்டா பிறந்த சமவெளியில் பட்டா இல்லாதவர்கள்

சேலம், நாமக்கல் பக்கம் எந்தப் பெரிய திட்டம் அறிவிக்கப்பட்டாலும் சில சொற்கள் கூடவே வந்துவிடுகின்றன: விமான நிலைய விரிவாக்கம், பொருளாதார மண்டலம், தொழில் வழித்தடம். அண்மைக்காலமாக அவற்றோடு 'நிலைத்த வளர்ச்சி'யும் சேர்ந்துகொண்டது. மழைநீர் சேகரிப்பு, சூரிய மின்சாரம், மரங்கள் சூழ்ந்த பசுமை வளையம் என்று மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டங்களின் படங்கள் கண்ணுக்கு அழகாகவே இருக்கின்றன.

நம் மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள்: "காடு கழனியில் கூலி வேலை செய்துதான் நம் அப்பா அம்மா நொந்து போனார்கள். தொழிற்சாலை வந்தால் நமக்கு நல்லதுதானே? நாம் ஏன் நிலக்காரர்களின் போராட்டத்தில் போய் நிற்க வேண்டும்?" இது நியாயமான கேள்வி. சாதிக்குக் கட்டுப்பட்ட பண்ணை வேலையைப் பொற்காலமாகப் பாடும் வேலை நமக்கு இல்லை. ஆனால் இதற்குப் பதில் சொல்லும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு திட்டத்தின் முதல் வரைபடத்தில் நாம் இருக்கிறோமா? இல்லையென்றால் ஏன் இல்லை? அதற்கான விடை இந்தச் சமவெளியின் 230 ஆண்டு வரலாற்றில் இருக்கிறது.

1792: ஒரு காகிதம் பிறக்கிறது

திப்பு சுல்தானோடு நடந்த போருக்குப் பின், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. இந்தப் பகுதியை நிர்வகிக்க வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராகி, இன்று சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் சிலையாக நிற்கிறாரே, அவரேதான்.

இவர்கள் இங்கே வயல் வயலாக நிலத்தை அளந்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை கட்டினார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல், உழவரிடமிருந்து அரசே நேரடியாக வரி வாங்கும் முறையை உருவாக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் 'இரயத்துவாரி முறை' என்று படித்தோமே, அதன் தொட்டில் நம் பாராமகாலும் சேலமும்தான். இன்று தமிழ்நாடு முழுக்க நிலத்தின் மீதான உரிமைக்கு ஆதாரமாகக் கேட்கப்படும் பட்டா இந்த முறையின் வழியாகத்தான் ஊரூராகப் போனது.

யார் பெயரில் பட்டா எழுதினார்கள்? அரசுக்கு யார் வரி கட்டுவாரோ அவர் பெயரில். அவரிடம் பண்ணையாளாக, படியாளாக இருந்தவர் வரி கட்டுபவர் அல்ல. ஆகவே அந்தப் பதிவேட்டில் அவருக்கு இடமில்லை. அவர் உழுதார், நீர் பாய்ச்சினார், அறுத்தார். மின்சார மோட்டார் வருவதற்கு முன் இந்த வறண்ட சமவெளியின் விவசாயம் கிணற்றையும் கவலையையும் நம்பியிருந்தது. கவலை இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அவர்கள் தைத்த தோல் இல்லாமல் ஒரு குடம் தண்ணீர்கூட வயலுக்கு ஏறியிருக்காது. அதற்குக் கூலி, ஆண்டுக்கு இத்தனை வள்ளம் தானியம். பட்டாவில் கிணறு உண்டு, கிணற்றுக்காரர் உண்டு. தோல் தைத்தவர் இல்லை.

உழைத்தவரை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் எழுதிய அந்தப் பதிவேட்டின் வாரிசுதான் இன்றைய சிட்டா, அடங்கல் எல்லாம். எந்த ஆலோசனை நிறுவனம் முழுமைத் திட்டம் தயாரித்தாலும் முதலில் கையில் எடுப்பது இந்த வருவாய்த் துறைப் பதிவேட்டைத்தான்.

1892: ஒரு திருத்தம், அதுவும் பறிபோன கதை

நூறு ஆண்டுகள் கழித்து இந்தப் பிழையைத் திருத்த ஒரு முயற்சி நடந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, தரிசைக் கேட்டால் மிராசுதார்கள் விடுவதில்லை, நிலம் இல்லாததால்தான் கொத்தடிமையாகக் கிடக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணைகள் 1010, 1010-ஏ வெளியாயின. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் திட்டம் இப்படித்தான் உருவானது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். சென்னை மாகாணத்தில் மொத்தம் 12 லட்சம் ஏக்கர் ஒப்படைக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

அந்த நிலத்தை முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். இவை அந்த நிலத்தின் நிபந்தனைகள். நிபந்தனை இருந்தும் நிலம் போய்விட்டது. கடனுக்கு எழுதி வாங்கினார்கள், மிரட்டி எழுதி வாங்கினார்கள், பெயரை மாற்றியும் வாங்கினார்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது, பழைய பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறாமல் போன கதைகள் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. குறிப்பு காணாமல் போனால் பஞ்சமி நிலம் சாதாரணப் பட்டா நிலமாகிவிடும். அடுத்து அதுவே தொழிற்பேட்டைக்கு விற்கப்படும்.

1994இல் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நம் மக்கள் இறங்கினார்கள். அங்கே நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று நடந்த போராட்டத்தின் மீது போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். நூறு ஆண்டுப் பழைய ஓர் அரசாணையை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்டதற்குக் கொடுத்த விலை அது.

அணை, உருக்காலை, ஓடுதளம்

இனி நம் சமவெளிக்குத் திரும்புவோம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை பல கிராமங்களை நீருக்குள் கொண்டுபோனது. அணை இங்கே, பாசனத்தின் பெரும்பங்கு தஞ்சைக்கு. அடுத்து உருக்காலை. கஞ்சமலை இரும்பை நம்பிச் சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று 1960களில் தமிழ்நாடே குரல் கொடுத்தது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. அதற்காக எடுத்த நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர். அதில் பெரும்பகுதி பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று நிலம் கொடுத்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

உருக்காலையில் ஒரு வேறுபாட்டை இளம் தோழர்கள் கவனிக்க வேண்டும். அது பொதுத்துறை. அங்கே பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு உண்டு. சேரியிலிருந்து போன ஒருவர் நிரந்தரத் தொழிலாளி ஆகவும், குடியிருப்பில் வீடு வாங்கவும், பிள்ளையைப் பொறியாளர் ஆக்கவும் அது வழி திறந்தது. 2019இல் உருக்காலையைத் தனியாருக்கு விற்க ஒன்றிய அரசு முயன்றபோது தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். அந்தப் போராட்டம் நம் இடஒதுக்கீட்டுக்கான போராட்டமும்தான்.

மூன்றாவது, ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். 1993இல் திறக்கப்பட்டது. விமானம் வந்த ஆண்டுகளைவிட வராத ஆண்டுகளே அதிகம். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் விட்டார்கள். 2021இல் அது நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. 2018இல் முதல் விமானம் பறந்த கையோடு, விரிவாக்கத்துக்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. அதே நேரத்தில் 277 கிலோமீட்டர் நீளச் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கும் கல் நட்டார்கள். எதிர்த்துப் பேசியதற்காகச் சூழலியல் செயற்பாட்டாளரும் நடிகரும் கைதானார்கள். எட்டு வழிச்சாலைக்கான நில எடுப்பு அறிவிக்கைகளை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்றது.

ஓமலூர் பக்கம் பூ விளையும் மண். குண்டுமல்லிக்குப் பேர் போனது. செடி நிலக்காரருடையது. பொழுது விடியும் முன் தோட்டத்தில் இறங்கி மொட்டுப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் சேரிப் பெண்களும் மற்ற நிலமற்ற பெண்களும். நிலம் எடுக்கப்பட்டால் நிலக்காரருக்குப் பணம் வரும். அது போதுமா என்பது தனி வழக்கு. பூப்பறிக்கும் அக்காவுக்கு மறுநாள் வேலை இல்லை, அவ்வளவுதான். ஊடகங்கள் 'விவசாயிகள் போராட்டம்' என்று எழுதியபோது அந்த அக்காவும் அதில் இருந்தார். நட்டஈட்டுப் பட்டியலில் அவர் பெயர் எங்கே?

ஊருக்கு வெளியே இன்னொரு 'வெளி'

விமான நிலையத்தை ஒட்டிச் சுங்க வரி இல்லாத தொழில் மண்டலம் அமைக்கும் யோசனை அயர்லாந்தின் ஷானன் நகரிலிருந்து வந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்குவது வழக்கம். ஜெட் விமானங்கள் வந்ததும் இறங்க வேண்டிய தேவை குறைந்தது. விமான நிலையத்தைக் காப்பாற்ற 1959இல் அதன் அருகிலேயே மண்டலம் அமைத்தார்கள். அதைத் தொடர்ந்து 1960களில் தொழிலாளர்களுக்கென ஒரு புதிய நகரத்தையே கட்டினார்கள். வேலை செய்பவர் எங்கே குடியிருப்பார் என்பதும் அந்தத் திட்டத்தின் பகுதியாக இருந்தது.

அந்த யோசனை ஆசியாவுக்கு வந்தபோது குடியிருப்பு கழன்றுகொண்டது, மண்டலம் மட்டும் வந்தது. இந்தியாவில் 1965இல் காண்ட்லா. 1984இல் தாம்பரத்தில் சென்னை ஏற்றுமதி மண்டலம். இலங்கையில் 1978இல் கொழும்பு விமான நிலையத்தை ஒட்டிக் கட்டுநாயக்கா. கிராமங்களிலிருந்து வந்த பல்லாயிரம் இளம்பெண்கள் அங்கே நெருக்கடியான வாடகை அறைகளில் தங்கி ஆடை தைத்தார்கள். 2011இல் ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து அவர்கள் போராடியபோது போலீசார் சுட்டதில் ரொஷேன் சானக என்ற 21 வயதுத் தொழிலாளி உயிரிழந்தார். அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது.

இந்தியாவில் 2005இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு மண்டலம் நாட்டின் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள பகுதியாகக் கருதப்படும். ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டுகள் முழு வருமான வரி விலக்கு, அடுத்த 5 ஆண்டுகள் பாதி விலக்கு என்று சலுகைகள் தரப்பட்டன. இதைப் படிக்கும்போது நமக்கு ஒன்று உறைக்க வேண்டும். நம் ஊர்களில் 'ஊருக்கு வெளியே' என்றால் சேரி. அங்கே சாலை கடைசியில் வரும், தண்ணீர் கடைசியில் வரும், சுடுகாட்டுப் பாதைக்கு மனு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மண்டலமும் 'வெளியே'தான். ஆனால் இங்கே சாலை முதலில் வரும், தண்ணீர் முதலில் வரும், வரி மட்டும் வராது. ஒரே வருவாய்க் கிராமத்தில் இந்த இரண்டு 'வெளி'களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும்.

வேலை? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நினைத்துப் பாருங்கள். 2006இல் தொடங்கியது. 'தமிழ்நாட்டின் பெருமை' என்றார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இருபதுகளில் இருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். தனியார் ஆலை என்பதால் இடஒதுக்கீடும் இல்லை. எட்டே ஆண்டு நிற்கும் ஓர் ஆலைக்காகத் தலைமுறை தலைமுறையாக நிற்க வேண்டிய நிலத்தைக் கொடுப்பதை எந்தக் கணக்கில் 'நிலைத்த' வளர்ச்சி என்பது?

நம் சமவெளியிலும் இதன் தொடர்ச்சி இருக்கிறது. சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலம் இருக்கிறது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று. நாமக்கல் மாவட்டம் வளையப்பட்டிப் பகுதியில் சிப்காட் வேண்டாம் என்று மக்கள் போராடினார்கள். இத்திட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். விமான நிலையமும் சாலையும் மண்டலமும் எப்படி ஒன்றையொன்று இழுத்து வருகின்றன என்பது புரியும்.

சட்டத்தில் நாம் இருக்கிறோம், நடைமுறையில் இல்லை

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் ஒரு வகையில் 1792இன் பிழையைத் திருத்தியது. 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் நிலக்காரர் மட்டும் இல்லை. நில எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலிகளும் குத்தகைதாரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மறுவாழ்வு உண்டு. திட்டத்துக்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? இந்தச் சட்டத்தில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு அளித்தார்கள். 2019 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. உடனே அதே ஆண்டில் சட்டமன்றம் புதிய சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. ஆகவே 1997 சட்டப்படி தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுத்தால் நட்டஈடும் மறுவாழ்வும் 2013 சட்டத்தின் அளவில் தர வேண்டும். ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. மதிப்பீடு நடக்காவிட்டால் கூலிகளை யார் எண்ணுவார்கள்? எண்ணப்படாதவருக்கு மறுவாழ்வு எப்படிக் கிடைக்கும்? 1792ஐப் பின்வாசல் வழியாகத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள்.

2023இல் இன்னொரு சட்டம் வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு, நீர்நிலைகள் உள்ள நிலத்தையும் ஒருங்கிணைத்துக் கொடுக்க அது வழி செய்கிறது. ஏரிக்கரையும் ஓடைப் புறம்போக்கும் மேய்க்காலும் யாருக்கு அதிகம் தேவை? சொந்த நிலம் இல்லாமல் இரண்டு ஆடும் ஒரு மாடும் வைத்திருப்பவருக்கு. வரைபடத்தில் 'புறம்போக்கு, பயன்பாட்டில் இல்லை' என்று குறிக்கப்படும் இடம் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களின் சேமிப்புக் கணக்கு.

அம்பேத்கரும் ஒரு முழுமைத் திட்டம் போட்டார்

1947இல் அண்ணல் அம்பேத்கர் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தை அரசியல் நிர்ணய அவைக்காக எழுதினார். வேளாண்மை அரசுத் தொழிலாக வேண்டும், நிலம் சாதி மத வேறுபாடின்றிக் கிராமத்தாருக்குப் பிரித்துத் தரப்பட்டுக் கூட்டுப் பண்ணையாக உழப்பட வேண்டும் என்றார். பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள் அமைக்கக் குடியமர்த்தும் ஆணையம் ஒன்று வேண்டும், பயிரிடப்படாத அரசு நிலம் அதற்கு ஒதுக்கப்பட வேண்டும் என்றார். இன்றைய திட்டக்காரர்கள் தொழில் மண்டலத்துக்காகத் தேடும் அதே 'தரிசு' நிலம்தான். 1947லேயே அதற்கு ஒரு முறையான உரிமைக் கோரிக்கை பதிவாகியிருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்தக் கோரிக்கையிலிருந்து இன்றைக்கு நாம் எடுக்க வேண்டியவை இவை.

முதலாவது, எந்த மண்டலத்துக்கும் வரைபடம் போடும் முன் பஞ்சமி, நிபந்தனை ஒப்படை நிலங்களின் பட்டியல் வெளியிடப்பட வேண்டும். இதை அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். நம் ஊரின் பழைய அ-பதிவேட்டையும், நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தைய பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் புல எண் வாரியாக ஒப்பிடுங்கள். ஒரு கல்லூரி விடுமுறை போதும்.

இரண்டாவது, கூலிகளின் கணக்கு. யார், யார் தோட்டத்தில், எத்தனை ஆண்டாக, மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்கிறார் என்று வீடு வீடாக எழுதுங்கள். சட்டம் கேட்பது மூன்று ஆண்டு. அறிவிக்கை வந்த பிறகு எழுதினால் நம்ப மாட்டார்கள். இப்போதே எழுதி, கிராம சபையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டதால்தான் நாடே அந்த ஊரின் பெயரைக் கற்றுக்கொண்டது.

மூன்றாவது, மண்டலம் வந்தே தீரும் என்றால் நம் பங்கு என்ன என்று கேளுங்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் அரசு நமக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது. நல்லது. ஆனால் மெஷினை எங்கே வைப்பது? மண்டலத்துக்குள் பட்டியல் சாதித் தொழில்முனைவோருக்கு மனை ஒதுக்கீடு, வேலையில் இடஒதுக்கீடு, தொழிலாளர் குடியிருப்பு ஆகியவை திட்ட ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும். வாய்மொழி உறுதி செல்லாது. ஆலை மூடினால் நிலம் என்னாகும் என்பதும் எழுதப்பட வேண்டும்.

நான்காவது, நிலக்காரர் போராட்டத்தில் நாம் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். ஆனால் கோரிக்கைப் பட்டியலில் நம் கோரிக்கையும் முதல் நாளிலேயே இடம்பெற வேண்டும். போராட்டப் பந்தலில் சேர்ந்து உட்காருபவர், கோயில் வாசலிலும் டீக்கடையிலும் நம்மோடு சேர்ந்து உட்காரத் தயாரா என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியால் ஒற்றுமை குலையாது. உண்மையான ஒற்றுமை அங்கிருந்துதான் தொடங்கும்.

1792இல் நம் முன்னோர் வயலில் நின்றுகொண்டிருந்தார்கள். அளவுச் சங்கிலி அவர்கள் காலடியில்தான் கடந்து போனது. பதிவேட்டைப் படிக்க அவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. உங்களுக்கு எழுத்து இருக்கிறது, சட்டம் தெரியும், கையில் கைப்பேசி இருக்கிறது. அடுத்த அளவீட்டுக்காரர் ஊருக்குள் வரும்போது நம் கணக்கு நம் கையில் தயாராக இருக்கட்டும்.

ஜெய்பீம்.